தலைக்கு மேல் ஏற்றிய பாரம்: பிரஸ் தூக்கின் வரலாறு

கனமான ஒரு பாரத்தைத் தோள்வரை கொண்டுவந்து, ஒரு கணம் நிறுத்தி, அங்கிருந்து கைகளாலேயே தலைக்கு மேல் உயர்த்தி, முழங்கைகள் நேராகும்படி நிற்பதுதான் பிரஸ். 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலின் மூன்று தூக்குகளில் இதுவும் ஒன்று. ஒருவரின் தோள்வலிமையை அளக்க அந்தக் காலத்தில் இதைவிட மதிப்பான சோதனை வேறில்லை. இன்று போட்டி மேடையில் அது இல்லை. ஆனால் மிலிட்டரி பிரஸ், புஷ் பிரஸ், டம்பெல் பிரஸ், ஆர்னால்ட் பிரஸ் என்று பல வடிவங்களில் எல்லா உடற்பயிற்சிக் கூடங்களிலும் அது உயிரோடு இருக்கிறது.

இந்த வடிவங்களைப் பிரித்துக் காட்டுபவை மூன்று: கால்கள் உதவலாமா, முதுகு வளையலாமா, பாரம் எந்தக் கருவியில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விதமாக விடை சொன்னது. இன்றைய பிரஸ் வகைகள் அந்த விடைகளிலிருந்து கிளைத்தவையே.

தோள் செய்யும் வேலை

பிரஸ்ஸில் முதல் உழைப்பு டெல்டாய்டு தசையுடையது. தோள்மூட்டைப் போர்த்தியிருக்கும் இந்தத் தசைக்கு முன்பகுதி, பக்கப்பகுதி, பின்பகுதி என மூன்று பிரிவுகள் உண்டு. பாரம் முன்னாலிருந்து ஏறும்போது முன்பகுதியும் பக்கப்பகுதியும் அதிகம் உழைக்கின்றன. முழங்கையை நேராக்குவது மேற்கையின் பின்புறமுள்ள டிரைசெப்ஸ். கை தலைக்கு மேல் முழுமையாக உயர்வதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோள்மூட்டில் நிகழ்கிறது. மீதி ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. கழுத்திலிருந்து நடுமுதுகுவரை பரந்திருக்கும் டிரபீசியஸ் தசையும், விலா எலும்புகளின் ஓரமாக ஓடும் செராட்டஸ் தசையும் சேர்ந்து அந்த எலும்பைச் சுழற்றுகின்றன. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள் மேற்கை எலும்பின் தலையை அதன் குழிக்குள் பிடித்து வைக்கின்றன.

நின்றபடி தூக்கும்போது இந்த உழைப்பு தோளோடு நிற்பதில்லை. தலைக்கு மேலுள்ள பாரத்தின் கனம் கை, முதுகெலும்பு, இடுப்பு, கால் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். இடையில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் தூக்கு கலைந்துவிடும். வயிறும் முதுகும் பிட்டமும் இறுகி நின்றால்தான் தோளின் பலம் பாரத்தைப் போய்ச் சேரும். உட்கார்ந்து தூக்குவதையும் நின்று தூக்குவதையும் வேறுபடுத்துவது இதுதான்.

கல்லில் தொடங்கிய சோதனை

தலைக்கு மேல் தூக்கியதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் கிடைத்த மணற்கல். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லின் எடை 143.5 கிலோ. பைபான் என்பவர் அதை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் கொண்டுபோனதாக அதிலேயே பொறித்திருக்கிறது. எந்த முறையில் தூக்கினார் என்பதை அந்தப் பொறிப்பு சொல்லவில்லை.

கல் தூக்கிப் பலம் காட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தென் தமிழகக் கிராமங்களின் இளவட்டக்கல்லும் அந்த வகைதான். கல்லைத் தரையிலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து நெஞ்சுக்கும் ஏற்றி, தோளில் வைத்துப் பின்னால் தள்ளுவது அதன் முறை. இதில் சோதனைக்கு உள்ளாவது முதுகும் இடுப்பும் பிடியும். பாரம் தோளை எட்டியதும் சோதனை முடிந்துவிடுகிறது. பிரஸ் தொடங்குவதே அந்த இடத்தில்தான். கைப்பிடி இல்லாத உருண்டைக் கல்லைத் தோளுக்கு மேல் தள்ளி நிறுத்துவது கடினம் என்பதால், கைப்பிடியுள்ள இரும்புக் கருவிகள் பெருகிய பிறகே பிரஸ் தனிக் கலையாக வளர முடிந்தது.

மேடை வீரர்களின் காலம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐரோப்பிய நாடக அரங்குகளிலும் சர்க்கஸ்களிலும் பலசாலிகளின் காட்சிகளுக்குக் கூட்டம் குவிந்தது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867இல் பிறந்த யூஜின் சாண்டோ, 1889இல் லண்டன் மேடையில் சாம்சன் என்ற வீரரை வென்று புகழ்பெற்றார். அதன்பின் உடற்பயிற்சியைப் பொதுமக்களின் அன்றாடப் பழக்கமாக்குவதில் முனைந்தார். நூல்கள் எழுதினார், 1898இல் பத்திரிகை தொடங்கினார், பயிற்சிக் கூடங்கள் நடத்தினார், டம்பெல்களைத் தம் பெயரில் விற்றார். 1904-05இல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழகத்தில் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதற்குத் திரைப்படத் தயாரிப்பாளர் எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரே சான்று. உடற்கட்டுக்குப் பேர்போன அவரைத் தமிழுலகம் கடைசிவரை 'சாண்டோ' என்ற அடைமொழியோடுதான் அழைத்தது.

அந்தக் காலத்து மேடைகளில் முதன்மையாக இருந்தது பெண்ட் பிரஸ் என்ற ஒற்றைக்கைத் தூக்கு. இதில் வீரர் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுபக்கமாகச் சாய்வார். உடல் கீழிறங்க இறங்க, பாரத்தைத் தாங்கும் கை தானாகவே நேராகும். கை முழுமையாக நேரானதும் அவர் பாரத்தோடு நிமிர்ந்து எழுவார். பாரத்தை மேலே தள்ளுவதைவிட, அதன் கீழிருந்து உடலை விலக்குவதே இதன் நுட்பம். ஜெர்மானியரான ஆர்தர் சாக்சன் 1905இல் இந்த முறையில் 168 கிலோ ஏற்றினார். நிமிர்ந்து நின்றபடி எவரும் ஒற்றைக் கையால் தள்ள முடியாத எடை அது. தோள்மூட்டின் உறுதியும் விலாப்புறத்தின் வளைவுத்திறனும் இதற்கு மிகுதியாகத் தேவைப்பட்டன.

பெண்களும் இந்த மேடைகளில் புகழ்பெற்றிருந்தனர். கேட்டி சாண்ட்வினா தம் கணவரையே ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது அமெரிக்க சர்க்கஸ்களில் பெரும் ஈர்ப்பாக இருந்தது.

ஆனால் இத்தூக்குகளுக்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு வீரரும் தமக்குப் பொருந்திய கருவியையும் முறையையும் வைத்துக்கொண்டார். எடைகள் சரிதானா என்பதை அறிய வழியில்லை. இருவரை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் கருவியும் விதியும் ஒன்றாக வேண்டியிருந்தது.

கருவி சீரானது

ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி 1885இல் தொடங்கிய குழு, பாரம் தூக்குவதை முறையான பயிற்சியாக மாற்றியது. பின்னாளில் மல்யுத்தத்தில் உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் ஹாக்கென்ஷ்மிட் அவரிடம் பயின்றவர். அமெரிக்காவில் ஆலன் கால்வர்ட் 1902இல் பிலடெல்பியாவில் மைலோ பார்பெல் நிறுவனத்தைத் தொடங்கி, எடையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பார்பெல்களை விற்றார். இந்த வசதி தோள் பயிற்சிக்குப் பேருதவியானது. காலைவிடவும் முதுகைவிடவும் தோள் தசைகள் சிறியவை. அவற்றின் பலம் மெதுவாகத்தான் கூடும். எடை மாறாத இரும்புக் குண்டில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி தோளுக்கு மிகப் பெரியது. சிறிது சிறிதாக எடை கூட்டும் வசதி வந்த பிறகே தோள்வலிமையைப் படிப்படியாக வளர்க்க முடிந்தது.

அடுத்த மாற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பயன்பட்ட பெர்க் பார்பெல்லில் முனைகள் தனியே சுழலும். பாரத்தைத் தோளுக்கு ஏற்றும்போது தட்டுகளின் சுழற்சி மணிக்கட்டை முறுக்காததால், அடுத்த தூக்குக்கு வீரர் நிலையாக நிற்க முடிந்தது.

ஒலிம்பிக்கில் பிரஸ்

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் இரண்டே பிரிவுகளாக நடந்தது. ஒற்றைக்கைத் தூக்கில் பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட் 71 கிலோவுடன் வென்றார். இருகைத் தூக்கில் எலியட்டும் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் 111.5 கிலோ ஏற்றிச் சமமாக நின்றார்கள். தூக்கிய முறை நேர்த்தியாக இருந்ததென்று ஜென்சனுக்கு முதலிடம் வழங்கப்பட்டது. முறையா, எடையா என்ற கேள்வி முதல் ஒலிம்பிக்கிலேயே எழுந்துவிட்டது. பிரஸ்ஸின் முடிவுவரை அந்தக் கேள்வி தீரவில்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தூக்குகள் இருந்தன: ஒற்றைக்கை ஸ்னாட்ச், ஒற்றைக்கை ஜெர்க், இருகை பிரஸ், இருகை ஸ்னாட்ச், இருகை ஜெர்க். 1928இல் ஒற்றைக்கைத் தூக்குகள் நீங்கி, இருகைத் தூக்குகள் மூன்று மட்டும் நிலைத்தன. இம்மூன்றும் மூன்று விதமான பலத்தைச் சோதித்தன. ஸ்னாட்சில் பாரம் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் போகும். அங்கே வேகம் முதன்மை. ஜெர்க்கில் பாரம் தோளுக்கு வந்து, கால்களின் உந்துதலால் மேலே எழும். கை அதைத் தாங்கி நிறுத்தும். பிரஸ்ஸில் கால் உந்துதலும் கிடையாது, வேகமும் உதவாது. பாரம் தோளில் நின்ற பிறகு நடுவர் சைகை தருவார். முழங்கால் மடங்காமல், உடல் சாயாமல், பாரம் மேலே போக வேண்டும். மூன்றில் தோளையும் கையையும் தனியே அளந்தது பிரஸ் மட்டுமே.

இந்த விதி கண்டிப்பாக இருந்தவரை, ஒருவர் பிரஸ்ஸில் ஏற்றும் எடை அவர் ஜெர்க்கில் ஏற்றுவதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. 1936 பெர்லினில் நடு எடைப்பிரிவில் வென்ற எகிப்தின் காதர் எல் தூனி பிரஸ்ஸில் 117.5 கிலோ, ஸ்னாட்சில் 120 கிலோ, ஜெர்க்கில் 150 கிலோ ஏற்றினார். அவருடைய மொத்தமான 387.5 கிலோ, அவரைவிட ஒரு படி கனமான பிரிவில் தங்கம் வென்றவரின் மொத்தத்தைவிட 15 கிலோ அதிகம். அத்தகைய வீரரின் பிரஸ்கூட அவருடைய ஜெர்க்கில் 78 விழுக்காடுதான். கால்களின் உதவி இல்லாமல் தோள் எவ்வளவு தாங்கும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியம் பளுதூக்குதலில் இறங்கியது. பிரஸ்ஸில் பேர்பெற்ற கிரிகோரி நோவாக் 1946இல் பாரிஸில் வென்று, எந்த விளையாட்டிலும் உலகப்பட்டம் பெற்ற முதல் சோவியத் வீரரானார். கனடாவின் டக் ஹெப்பர்ன் கால்பாதக் குறைபாட்டோடு பிறந்தவர். கணுக்காலின் விரைவான அசைவு தேவைப்படும் ஸ்னாட்சும் ஜெர்க்கும் அவருக்குக் கடினம். தோள்பலத்தை நம்பி, பிரஸ்ஸில் பெற்ற முன்னிலையோடு 1953 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் கன எடைப் பட்டத்தை வென்றார். அமெரிக்காவின் பால் ஆண்டர்சன் 1955இல் மாஸ்கோவில் 182.5 கிலோ பிரஸ் செய்தபோது சோவியத் ரசிகர்கள் திகைத்துப்போனார்கள்; அடுத்த ஆண்டு மெல்போர்னில் அவர் ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

முதுகு வளைந்தது

1950களிலிருந்து பிரஸ்ஸின் உருவம் மாறத் தொடங்கியது. வீரர்கள் பாரத்தைத் தோளில் வைத்து இடுப்பை முன்னால் தள்ளி, உடலை வில்லாக வளைத்துக் காத்திருந்தார்கள். சைகை கிடைத்ததும் உடல் சட்டென நிமிரும். அந்த விசையில் பாரம் நெற்றிவரை எழும். பின்பு மீண்டும் பின்னால் சாய்ந்து பாரத்தின் கீழே புகுந்து முழங்கைகளை நேராக்குவார்கள். முழங்கால் மடங்கவில்லை என்பதால் விதி மீறப்பட்டதென்று அடித்துச் சொல்வது எளிதல்ல. ஆனால் பின்னால் சாய்ந்த உடலில் மேல் மார்புத் தசைகளும் பாரத்தைத் தள்ளத் தொடங்கிவிடுகின்றன. இடுப்பின் உந்துதல் கால்களின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது.

இந்த மாற்றம் பதக்கப் பட்டியல்களில் தெளிவாகத் தெரிகிறது. 1960 ரோமில் சோவியத் வீரர் யூரி விளாசோவ் பிரஸ்ஸில் 180 கிலோவும் ஜெர்க்கில் 202.5 கிலோவும் ஏற்றினார். விகிதம் 89 விழுக்காடு. 1964 டோக்கியோவில் அவரே பிரஸ்ஸில் 197.5, ஜெர்க்கில் 210 கிலோ ஏற்றினார். விகிதம் 94 விழுக்காடானது. 1972 மியூனிக்கில் வாசிலி அலெக்சேயெவ் பிரஸ்ஸில் 235 கிலோ, ஜெர்க்கில் 230 கிலோ தூக்கி, மொத்தம் 640 கிலோவோடு தங்கம் வென்றார். கால்களின் உதவியோடு ஏற்றியதைவிடக் கால்களின் உதவி இல்லாததாகச் சொல்லப்பட்ட தூக்கில் அதிக எடை ஏறியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் நிறுவிய 236.5 கிலோ, பிரஸ்ஸின் கடைசி உலக சாதனையாக நிற்கிறது. அலெக்சேயெவின் பலத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர் காலத்துப் பிரஸ் அளந்தது உடல் முழுவதையும், தோளை மட்டுமல்ல.

நடுவர்களின் நிலை இக்கட்டானது. எவ்வளவு சாய்வு தவறு என்பதற்கு அளவுகோல் இல்லை. ஒரு நடுவர் ஏற்றதை இன்னொருவர் மறுத்தார். ஒரே மேடையில் ஒரே மாதிரியான இரு தூக்குகளுக்கு இரு விதமான தீர்ப்பு வந்தது. கீழ்முதுகுக்கு ஏற்படும் சேதம் பற்றிய கவலையும், மூன்று தூக்குகளால் போட்டி நீள்கிறதென்ற குறையும் சேர்ந்துகொண்டன. மியூனிக்கில் கூடிய சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பின் மாநாடு பிரஸ்ஸை நீக்கியது. 1973 முதல் ஸ்னாட்சும் ஜெர்க்கும் மட்டுமே எஞ்சின. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987இலும், ஒலிம்பிக்கில் அவர்களின் நுழைவு 2000இலும் நிகழ்ந்ததால், சிட்னியில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியின் தலைமுறைப் பெண்களுக்கு உலக மேடையில் பிரஸ் செய்யும் வாய்ப்பே வாய்க்கவில்லை.

பெஞ்ச் பிரஸ் அந்த இடத்தில் அமர்ந்தது

பிரஸ் நீங்கிய 1972ஆம் ஆண்டிலேயே சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு உருவானது. அதன் மூன்று தூக்குகள்: பாரத்தைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், பாரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட். பலகையில் மல்லாந்து படுத்துப் பாரத்தை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் 1950களிலேயே பரவியிருந்தது. அதில் 500 பவுண்டு என்ற எல்லையை முதலில் எட்டியவர், நின்று செய்யும் பிரஸ்ஸில் பேர்பெற்ற ஹெப்பர்ன்தான். ஒருகாலத்தில் தோள்பலத்தின் துணைப் பயிற்சியாக இருந்தது, மேடையும் பட்டமும் கிடைத்ததும் மேற்பாதி உடலின் முதன்மைச் சோதனையாகிவிட்டது.

அமெரிக்கக் கால்பந்து அணிகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. பளுதூக்கும் வீரராக இருந்த பில் ஸ்டார் 1976இல் எழுதிய பயிற்சி நூலில் பவர் கிளீன் (பாரத்தைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவது), ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் ஆகிய மூன்றையும் அடிப்படையாக வைத்தார். தலைக்கு மேல் தூக்குவதற்கு அந்த மூன்றில் இடமில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் எடை அதிகம் ஏறும், கற்பது எளிது. ஆனால் முதுகு பலகையில் அழுந்தியிருப்பதால் தோள்பட்டை எலும்பு தாராளமாகச் சுழல்வதில்லை. அதைச் சுழற்றும் தசைகளுக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. மார்பும் முன் தோளும் வலுத்து, மற்ற பகுதிகள் பின்தங்குவதாகப் பயிற்சியாளர்கள் சிலர் எச்சரித்தது இதனால்தான்.

இன்றைய வடிவங்கள்

மேடையை இழந்த பிரஸ் பயிற்சிக் கூடங்களில் பல கிளைகளாகப் பிரிந்தது. குதிகால்களைச் சேர்த்து, உடலை விறைப்பாக நிறுத்தித் தூக்கும் மிலிட்டரி பிரஸ், பழைய கண்டிப்பான விதியின் நேர்வாரிசு. தோளின் உண்மையான பலத்தை அறிய இதுவே ஏற்றது; மற்ற பார்பெல் பிரஸ்களைவிட இதில் எடை குறைவாகவே ஏறும். பாதங்களைச் சற்று அகட்டி நிற்கும் ஷோல்டர் பிரஸ்ஸில் நிலை உறுதியாவதால் கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம். பெரும்பாலோருக்கு அடிப்படைப் பயிற்சியாக உகந்தது இது.

முழங்காலைச் சிறிது மடக்கி உந்தி எழுப்பும் புஷ் பிரஸ், கடைசிக் காலத்து ஒலிம்பிக் பிரஸ் மறைமுகமாகச் செய்ததை வெளிப்படையாகச் செய்கிறது. கால்களின் விசை பாரத்தைத் தலைவரை கொண்டுபோய்விடும். மேற்பாதியைத் தோளும் டிரைசெப்ஸும் முடிக்கின்றன. கண்டிப்பான பிரஸ்ஸில் ஏற்ற முடியாத எடையைத் தலைக்கு மேல் தாங்கிப் பழகவும், பாரத்தை மெல்ல இறக்கித் தோளுக்கு வேலை கொடுக்கவும் இது உதவும். கால்களின் பங்கு இன்னும் கூடினால் அது ஜெர்க். அங்கே தோளின் வேலை தள்ளுவதைவிடத் தாங்குவதே.

டம்பெல் பிரஸ்ஸில் இரு கைகளும் தனித்தனியே பாரத்தைச் சமன்படுத்த வேண்டும். மொத்த எடை பார்பெல்லைவிடக் குறையும். இடது, வலது பலங்களின் ஏற்றத்தாழ்வு உடனே வெளிப்படும். முழங்கை தனக்கு இயல்பான பாதையில் செல்லலாம் என்பதால் தோள் நோவுள்ளவர்களுக்கு இது இதமானது. சாய்மானத்தோடு உட்கார்ந்து செய்தால் இடுப்பின் உழைப்பு குறைந்து கவனம் முழுவதும் தோளில் குவியும். ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் பரப்பிய ஆர்னால்ட் பிரஸ், உள்ளங்கை முகத்தைப் பார்த்தபடி தொடங்கி, ஏறும்போதே வெளிப்புறமாகத் திரும்பும். இது தசையைப் பெருக்கும் நோக்கமுடையது. பெரும் எடைக்கு ஏற்றதல்ல.

பார்பெல்லைப் பின்கழுத்திலிருந்து தூக்கும் முறை 1950களில் பெரிதும் விரும்பப்பட்டது. முழங்கைகள் பக்கவாட்டில் விரிவதால் டெல்டாய்டின் பக்கப்பகுதி அதிகம் உழைக்கும். ஆனால் தோள்மூட்டு அதன் சுழற்சியின் எல்லைக்கே போக வேண்டியிருப்பதால், நெகிழ்வு போதாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. ரஷ்ய மரபிலிருந்து பரவிய கெட்டில்பெல்லில் பாரம் முன்கையின் பின்புறம் தொங்குகிறது. அது கையை வெளியே இழுக்க முயல்வதால், தோள்மூட்டைப் பிடித்துவைக்கும் சிறு தசைகள் ஓயாமல் உழைக்கின்றன.

பழைய மேடை வீரர்களின் மரபு ஸ்ட்ராங்மேன் போட்டிகளில் தொடர்கிறது. அமெரிக்காவில் முதன்முதலாக 500 பவுண்டைத் தாண்டிப் பிரஸ் செய்த கென் பட்டேரா, 1977இல் நடந்த முதல் உலகப் பலசாலிப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார். இப்போட்டிகளில் தூக்கப்படும் மரக்கட்டை வடிவ உருளைக்குள் கைப்பிடிகள் இணையாக இருக்கின்றன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்ப்பதால் தோளுக்கு நெருக்கடி குறைவு. உருளை பருமனாக இருப்பதால் பாரம் உடலுக்கு முன்னால் தள்ளி நிற்கும், எனவே உடலும் சாய்ந்தாக வேண்டும். கால்களின் உந்துதலுக்கும் இங்கே தடையில்லை. 2021இல் புர்கினா ஃபாசோவின் அயர்ன் பிபி இதில் 229 கிலோ ஏற்றி உலக சாதனை படைத்தார்.

கண்டிப்பான பிரஸ்ஸுக்கும் புதிய காலம் வந்திருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் மார்க் ரிப்பிடோ 2005இல் வெளியிட்ட தொடக்கநிலை நூலில் நின்று செய்யும் பிரஸ்ஸை அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்றாக வைத்தார். ஸ்குவாட், பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டி ஒருவரின் பலத்தை அளக்கும் முறையை அடுத்த ஆண்டு முன்வைத்தார். கிராஸ்ஃபிட் கூடங்கள் ஷோல்டர் பிரஸ், புஷ் பிரஸ், புஷ் ஜெர்க் ஆகியவற்றை அடுத்தடுத்த படிகளாகக் கற்பிக்கின்றன. முதலில் தோளின் பலம், பிறகு காலின் துணை, பிறகு முழு உடலின் வேகம் என்ற அந்த வரிசை, பிரஸ் தன் வரலாற்றில் நடந்த பாதையோடு ஒத்துப்போகிறது. எடை எவ்வளவு என்பதை மட்டும் கேட்காமல் எந்த விதியில் ஏறியது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான், ஒரு பிரஸ்ஸை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பொருள் இருக்கும்.